காகிதக் குழலைப் பிடுங்க வேண்டாம்

கள்ளிக்குப்பத்துத் தெருக்களில் பிள்ளை வளர்க்கும் அப்பா அம்மாக்களுக்கும், அவர்கள் வேலைக்குப் போனபின் பகல் முழுக்கப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் தாத்தா பாட்டிகளுக்கும்,



சென்ற ஞாயிறு காலை பால் வாங்கப் போனபோது எங்கள் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் காகிதக் குழல்கள் குவிந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. வீட்டுப்பாடம் எழுதிய தாள், ஜெராக்ஸ் கடையில் வீணாய்ப் போன தாள், கல்யாணப் பத்திரிகையின் உள்தாள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுருட்டி, செலோ டேப் ஒட்டிச் செய்தவை. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். மறுமுனை நல்ல வட்டமாகத் தெரிந்தது. வளைவு இல்லை, உள்ளே பிசிறு இல்லை. செய்த கைக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்காது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் 34 வருஷம் டூல் ரூம் ஃபிட்டராக இருந்தவன். ஒரு துளை நேராக அமைய எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழலை மறுபடி தொட்டியில் போட மனம் வரவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

பிறகு விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. லீவு விட்ட நாளிலிருந்து பிள்ளைகள் மொட்டை மாடியில் ஊதி விளையாடியிருக்கிறார்கள். ஒரு காகித அம்பு இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் காபி டம்ளரில் விழுந்திருக்கிறது. அதுவரை பரவாயில்லை. அடுத்த நாள் கீழே கிடந்த அம்பு ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதன் நுனியில் குண்டூசி. பெரியவர்கள் கூடிப் பேசி, இனி யாரும் ஊதக் கூடாது என்று சொல்லி, இருந்த குழல்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

குண்டூசி என்று கேட்டதும் எனக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. கோபப்பட்டவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் குண்டூசியோடு சேர்த்துக் குழலையும் எறிந்துவிட்டோமே என்ற வருத்தம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நான் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டில் விறகடுப்பு. அடுப்படியில் இரும்பு ஊதாங்குழல் ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும். அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அதை எடுத்து, ஒரு வேப்பங்கொட்டையை உள்ளே விட்டு ஊதினேன். தங்கச்சியின் புருவத்தில் பட்டது. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் அவளுக்கு ஒரு கண் போயிருக்கும். அம்மா அன்றைக்கு அந்த ஊதாங்குழலாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் சாயங்காலம் அவளே பப்பாளி இலையின் காம்பை ஒடித்து, இரண்டு பக்கமும் நறுக்கிக் கையில் கொடுத்து, காகித உருண்டையை மட்டும் வை, சுவரைப் பார்த்து ஊது என்றாள். பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாவுக்கு, தடுக்க வேண்டியது எது, கொடுக்க வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது.

இப்போது அந்தக் குழலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் உங்களுக்குத் தெரியும். வீடு கட்டும் வேலை நடக்காத தெரு நம் பக்கத்தில் ஏது? அந்தத் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுபக்கத்தில் தண்ணீர் ஏறும். பெரியவர் ஒருவர் தம் கட்டி ஊதினால் இரண்டு மட்டத்துக்கும் நடுவே அரை மீட்டர் வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடலாம். கணக்குப் போட்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 50 கிராம் பாரம் வைத்ததற்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குழலின் துளை முக்கால் சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆக, அம்பின் வாலை நம் மூச்சு சுமார் 40 கிராம் விசையோடு தள்ளுகிறது. அம்பு என்ன எடை? ஏ4 தாள் 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு தாள் 5 கிராம். அதில் 7 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக் கூம்பு சுருட்டினால், ஒட்டும் டேப்போடு சேர்த்து அரை கிராம் தேறும். அதாவது தன் எடையைப் போல எண்பது மடங்கு விசை அதைத் தள்ளுகிறது. பிள்ளையின் மூச்சு இதில் பாதிதான் என்று வைத்தாலும் நாற்பது மடங்கு. ஒரு காகிதத் துண்டு அத்தனை வேகமாகப் பாய்வது இதனால்தான். அதே காகிதம் கொஞ்ச தூரத்திலேயே காற்றில் திணறி விழுந்துவிடுவதும் எடை இல்லாததால்தான். விளையாட்டுக்கு இது போதும். குண்டூசியோ ஆணியோ வைத்தால் எடையும் கூடும், கூர்மையும் கூடும், அப்போது அது விளையாட்டுச் சாமான் இல்லை.

செய்முறையையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் ஒரு தடவை கையால் செய்து பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும்.

ஒரு பக்கம் அச்சடித்த ஏ4 தாள் இரண்டு எடுங்கள். பருமனான ஸ்கெட்ச் பேனா இரண்டை முட்டுக்கு முட்டு வைத்து டேப் சுற்றினால் நல்ல உருளை கிடைக்கும். பட்டறையில் இப்படி உள்ளே வைத்துச் சுற்றும் கம்பிக்கு மேன்ட்ரல் என்று பெயர். தாளின் நீளப் பக்கத்தை உருளையோடு ஒட்டிவைத்துச் சுருட்ட வேண்டும். முதல் சுற்றில்தான் எல்லாம் இருக்கிறது. ஓரம் கோணினால் குழல் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் போகும். ரொம்ப இறுக்கினால் பேனா வெளியே வராது. தளர விட்டால் குழல் நசுங்கும். நான் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குச் சொல்வேன்: பேனாவைத் தலைகீழாகப் பிடித்தால் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் உள்ளே கடகடவென்று ஆடக் கூடாது. உள்ஓரத்தில் சன்னமாகப் பசை தடவிவிட்டால் அது எழும்பி அம்பைத் தடுக்காது. வெளிஓரத்தை நடுவில் ஒரு டேப், இரண்டு முனையிலும் ஒவ்வொன்று என்று ஒட்டிவிட்டு, பிறகு முழு நீளத்துக்கும் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். டேப் சுற்றச் சுற்றக் குழல் விறைத்து நிற்கும்.

ஒரு தாளில் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீளம். இரண்டைச் சேர்த்தால் அறுபது. சேர்க்கும் இடத்தில் பேனாவை உள்ளே விட்டு, இரண்டு முனையையும் முட்டவைத்து, மேலே அரைத் தாளைச் சுற்றி ஒட்டுங்கள். பிளம்பர் குழாய்க்குக் கப்ளிங் போடுவது போலத்தான். நடுவில் முடியளவு இடைவெளி விட்டாலும் அம்பு அங்கே இடறும்.

நீளம் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அம்பு குழலுக்குள் இருக்கும்வரைதான் மூச்சு அதைத் தள்ளும். வெளியே வந்துவிட்டால் தள்ள ஆள் இல்லை. அதனால் நீளம் கூடினால் வேகம் கூடும். ஆனால் ஓர் அளவுக்குத்தான். இன்னும் நீட்டிக்கொண்டே போனால் சுவரில் உரசுவதிலும் ஓரத்தில் காற்றுக் கசிவதிலும் கிடைத்தது போய்விடும். அறுபது சென்டிமீட்டர் குழலை நிரப்ப 50 மில்லிக்கும் குறைவான காற்று போதும், காபி டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு. கன்னம் நிறையக் காற்றை அடக்கி டப்பென்று விட்டால் வேலை முடிந்தது. நெஞ்சு வலிக்க ஊத வேண்டியதே இல்லை.

அம்புதான் கடைசி வேலை, எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். சதுரத் தாளை ஐஸ்கிரீம் கோன் மாதிரி கூம்பாகச் சுருட்டி ஒட்டுங்கள். நுனியை உள்பக்கம் மடித்து அதன் மேல் டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றி மொட்டையாக்கிவிடுங்கள். கூம்பைக் குழலின் வாயில் நுனி முன்னால் போகும்படி நுழைத்து, அது இறுகி நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் கத்தரித்துவிட வேண்டும். ஸ்கேல் வேண்டாம், அளவு வேண்டாம். குழலே கேஜ். டூல் ரூமில் துளையைச் சோதிக்க கோ, நோ-கோ என்று இரண்டு பக்கமுள்ள கேஜ் வைத்திருப்போம். ஒரு பக்கம் உள்ளே போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. அதே பாடத்தை இந்தக் காகிதக் கூம்பு பத்து வயதில் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் சிறிதாக வெட்டிவிட்டால் துளையின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு திறந்துகிடக்கும். காற்று அதன் வழியே ஓடிவிடும், அம்பு குழலின் நுனியில் வந்து சோர்ந்து விழும். பிள்ளை தானாகவே இன்னொரு கூம்பு சுருட்டும். திட்டத் தேவையில்லை, மார்க் போடத் தேவையில்லை. விழுந்த அம்பே சொல்லிவிடும்.

குப்பையில் கிடந்த பதினொரு குழல்களுக்குப் பின்னால் எத்தனை கூம்புகள் வீணாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் பயிற்சி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தும் ஒரு பின்னைத் துளையில் பொருத்தத் தெரியாமல் சுத்தியலைத் தேடும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சிறு வயதில் எதையும் பொருத்திப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இது என்னவோ வெளிநாட்டு விளையாட்டு என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படி இல்லை. சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். மலையாளக் கரையில் ஊதுகுழல் அம்பில் நூல் கட்டி மீன் பிடித்திருக்கிறார்கள். தமிழில் அந்தக் குழலுக்குச் சுங்குத்தான் என்று ஒரு பெயர். மலாய் மொழியில் சும்பித்தான் என்பார்கள். பெயர்கள் இவ்வளவு ஒத்திருப்பதால், கடல் கடந்து போய்வந்த நம் ஆட்களோடு இந்தக் குழலும் வந்து சேர்ந்திருக்கும் என்று ஹார்னெல் நினைத்தார். சத்தீஸ்கரின் பஸ்தரில், ஜகதல்பூர் கோஞ்சா தேர்த்திருவிழாவில் இன்றைக்கும் மூங்கில் குழலில் காட்டுக் காயை அடைத்து, குச்சியால் தள்ளி வெடிக்கிறார்கள். துப்கி என்று பெயர். அங்கே ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து வெடிக்கிறார்கள்.

நான் ஆச்சரியப்படுவது வேறொன்றைப் பார்த்து. போர்னியோக் காட்டு மக்கள் கெட்டி மரத்தில் ஆளுயரத்துக்கும் மேல் நேராகத் துளை போடுவார்கள், அம்பின் வாலில் நெட்டி போன்ற மெத்தென்ற ஒரு கூம்பு மாட்டுவார்கள். உலகத்தின் மறுபக்கம் அமேசான் காட்டில் அம்பின் வாலில் பஞ்சு சுற்றுவார்கள். எந்தப் பஞ்சு? நம் தேனிப் பக்கத்தில் விளைந்து தலையணைக்குள் போகும் அதே இலவம்பஞ்சு. இரண்டு கூட்டத்துக்கும் பிரச்சினை ஒன்றுதான், அம்புக்கும் துளைக்கும் நடுவே காற்றுத் தப்பக் கூடாது. நம் தெருப் பிள்ளைகள் டேப்பும் கத்தரிக்கோலுமாக மல்லுக்கட்டுவதும் அதே பிரச்சினையோடுதான்.

இனி, பயத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை.

எல்லாரும் கண்ணைத்தான் நினைக்கிறார்கள். கண் முக்கியம்தான். அதைவிட நான் பயப்படுவது தொண்டைக்கு. குழலை வாயில் வைத்துக்கொண்டே பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தால் அம்பு பின்னோக்கி வந்து மூச்சுக்குழாயில் போய்விடும். அதனால் குழல் வாயைத் தொடும் முன்பே, மூக்கால் மூச்சை இழுத்துவிட வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு விதி சொன்னால் மட்டும் போதாது, விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிடுவார்கள். விதியைச் சாமானுக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். ஆகவே ஒரு சின்ன மாற்றம் செய்தேன். குழலின் மேல் சறுக்கிப் பொருந்தும்படி ஐந்து சென்டிமீட்டரில் ஒரு தடித்த உறை. அதன் வாய்ப்பக்க ஓரத்தில் மெல்லிய அட்டைக் கீற்று இரண்டைக் கூட்டல் குறி போலக் குறுக்கே வைத்து, அசையாமல் ஒட்டிவிட வேண்டும். அம்பைக் குழலுக்குள் வைத்த பிறகு இந்த உறையை மாட்டி ஊதினால் காற்று கீற்றுகளின் இடுக்கு வழியே போகும், அம்பு திரும்பி வந்தாலும் கீற்றில் தட்டி நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் ஊதும் முன் கீற்றை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எச்சில் பட்டு ஊறியிருந்தால் வேறு உறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி உறை இருந்தால் எச்சில் பங்கு போடும் கவலையும் தீரும். உறை இல்லாத குழலை எங்கள் மாடியில் யாரும் ஊதக் கூடாது.

எப்போதாவது ஏதாவது உள்ளே போய், பிள்ளை திணறி இருமினால், பிறகு இருமல் அடங்கிவிட்டாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அடங்கிய இருமல் சரியாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை.

முகத்தைப் பார்த்து ஊதக் கூடாது. மனிதர் மேல் வேண்டாம், நாய் மேல் வேண்டாம், அணில் காக்கை மேலும் வேண்டாம். செங்குன்றம் சாலைப் பக்கம் திரும்பவே கூடாது. லாரிக்கும் தண்ணீர் வண்டிக்கும் நடுவே பைக் ஓட்டுபவர் ஒரு நொடி திடுக்கிட்டால் என்ன ஆகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். கொடிக்கயிற்றில் பழைய செய்தித்தாளைத் தொங்கவிட்டு ஊதட்டும், அம்பு பட்டால் தாள் படக்கென்று சத்தம் போடும், பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். காலித் தீப்பெட்டியைக் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாக அடுக்கி வைக்கலாம். எல்லாரும் ஊதி முடித்த பிறகுதான் அம்பு பொறுக்கப் போக வேண்டும். பொறுக்கியதை எண்ணிப் பெட்டியில் போட வேண்டும், தவழும் தம்பி தங்கை கையில் ஒன்றுகூடச் சிக்கக் கூடாது. ஏழெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சுருட்டலாம், ஊத வேண்டாம்.

இத்தனை சொல்லும்போது, வேறொன்றையும் கேட்டாக வேண்டும். திருவிழாக் கடையில் மஞ்சள் குண்டு போட்டுச் சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கியை நம்மில் எத்தனை பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்? 6 மில்லிமீட்டர் கெட்டிப் பிளாஸ்டிக் உருண்டை, ஸ்பிரிங் விசையில் வருகிறது. கண்ணில் பட்டால் அது காகிதக் கூம்பைப் போல மடங்காது. 2021 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் நாம் அதைத் திருப்பிப் பார்த்து வாங்குவதில்லை. அந்தத் துப்பாக்கி ஸ்பிரிங் போனதும் பரணுக்குப் போய்விடும். அதை எப்படிச் செய்தார்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது, திறந்து பார்க்கவும் முடியாது.

கையால் செய்து பார்த்துக் கற்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டுத் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் வைத்துக் கணிதமும் அறிவியலும் சொல்லிக் கொடுக்கப் போன அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழில் துளிர் இதழ் 1987 முதல் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட வேலைகளைச் சொல்லிக்கொண்டு வருகிறது. நம் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை கையால் செய்து பார்க்கட்டும் என்றுதான் 2022இல் வானவில் மன்றம் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் செய்தால் அறிவியல், மொட்டை மாடியில் செய்தால் சேட்டை என்று நாம் பிரித்து வைத்துவிட்டோம். சைக்கிளும் டயரும் ஆயிரம் விதமான எந்திரப் பாகங்களும் செய்து நாட்டுக்கு அனுப்பிய ஊர் நம் அம்பத்தூர். அந்தக் கையெல்லாம் எங்கே பழகின? என் தலைமுறை ஆட்களைக் கேளுங்கள். நுங்கு வண்டி செய்தோம், பனையோலைக் காற்றாடி செய்தோம், சைக்கிள் டயரை ஓட்டினோம். லேத்தின் முன்னால் நிற்கும்போது கை ஏற்கெனவே பாதி பழகியிருந்தது.

காபி டம்ளரில் அம்பு விழுந்த அந்த அம்மாவை நேரில் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். தன் பால்கனிப் பக்கம் ஊத மாட்டோம் என்று பிள்ளைகள் வந்து சொன்னால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள். குண்டூசி வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை, நீங்களும் விசாரிக்க வேண்டாம். ஒன்பது வயதில் வேப்பங்கொட்டை வைத்த கையை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கண்டிப்பாக வர வேண்டும், அதை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

வருகிற ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் மொட்டை மாடி. வெயில் அதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கியிருக்கும். ஆளுக்கு நாலு பழைய தாளும், மொட்டை முனைக் கத்தரிக்கோல் ஒன்றும் கொண்டுவரட்டும். டேப், பசை, ஸ்கெட்ச் பேனா, தீப்பெட்டி என் பொறுப்பு. ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வர வேண்டும், நின்று வேடிக்கை பார்க்க அல்ல, தானும் ஒரு குழல் சுருட்ட. அன்றைக்கு எடுத்து வந்த அந்த நேரான குழல் என் மேசை மேல் இருக்கிறது. ஓரத்தில் ஏழாம் வாய்ப்பாடு எழுதியிருக்கிறது. செய்தவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தெருக்கோடி வீட்டு ஃபிட்டர் தாத்தா
கள்ளிக்குப்பம், அம்பத்தூர்